செசிலியின் மூன்றாம் பிள்ளைக்காக

பதுளை,
1924 மே 20, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் செசிலிக்கு,

ஆண்டவருடைய தயவால் நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம். பினாங்கில் நீயும் மாப்பிள்ளை எட்வர்டும் அவருடைய தாயாரும் அவ்வாறே இருக்க வேண்டுமென்று காலை ஜெபத்திலும் மாலை ஜெபத்திலும் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. இப்போது மூன்றாம் மாதம் நடக்கிறது என்று நீ எழுதியிருந்த இடத்தை அம்மாவுக்கு நான்கு தடவை வாசித்துக் காட்டினேன், ஐந்தாம் தடவையும் கேட்டாள்.

மகளே, இதில் எழுத வேண்டியவற்றை முதலிலேயே எண் போட்டு வைத்துவிடுகிறேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். பட்டியல் இல்லாவிட்டால் பாதியில் பயந்து, மழையைப் பற்றி இரண்டு வரி எழுதி முடித்துவிடுவேன். பட்டியல் இருந்தால், அப்பா, நாலாவது எங்கே என்று நீ கேட்டு எழுதுவாயே என்ற பயமாவது என்னை இழுத்துக்கொண்டு போகும்.

1. வீட்டுச் சேதி.
2. இரண்டு பிள்ளைகள் தவறியதில் உன்மேல் குற்றமில்லை என்பது.
3. எனக்குச் சந்தேகமாயிருக்கிற நோய் எது, எப்படி வருகிறது என்பது.
4. உன் நிச்சயதார்த்தத்தன்று நான் பார்த்தும் கேளாமல் விட்டது.
5. நீ இப்போது செய்ய வேண்டியது.
6. அதை மாப்பிள்ளைக்குத் தெரியாமல் செய்துகொள்வது.

முதலாவது, வீட்டுச் சேதி. சித்திரை மழை பலமாகப் பெய்து இப்போது விட்டிருக்கிறது. பதுளைக்கு ரயில் வந்து மூன்றரை மாதமாகியும் உன் அம்மாவுக்கு அந்தச் சத்தம் இன்னும் பழகவில்லை, ஊதும்போதெல்லாம் யாரோ நம் வீட்டுக்கு வருகிறார்கள் என்று வாசலை எட்டிப் பார்க்கிறாள். வெலிமடை உருளைக்கிழங்கு இந்த முறை நன்றாக இருக்கிறது. உனக்கு ஆசையாயிருக்குமே என்று ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் சொல்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை, கோவிலில் முழங்காலிடாமல் உட்கார்ந்தே ஜெபிக்கிறாள், அதைப் பாதிரியாரிடம் சொல்லி அனுமதி வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். நான் போய் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். சுக்கும் கொத்தமல்லியும் இடித்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த கப்பலில் வரும். இந்தக் கடிதத்தை நான் சனிக்கிழமை தொடங்கினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாதது எனக்கு இப்போது ஒரு தைரியம், ஆனாலும் கண் இருக்கிறதல்லவா. நேற்று என் பக்கத்தில் வந்து நின்று, "ஆஸ்பத்திரியில ஊருக்கெல்லாம் வாய் குடுக்கிற மனுசன், சொந்தப் பிள்ளைக்கு எழுத மூணு நாளா பேனாவத் தொடச்சுக்கிட்டு இருக்கீங்களே" என்றாள். அவள் சொன்னது உண்மை. பென்ஷன் வாங்கி இரண்டு வருஷமான பிறகும் ஊசி போடுகிற புதன்கிழமை மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள். வெள்ளைக்கார டாக்டர் துரையின் இங்கிலீஷைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்குத் தமிழில் சொல்வதும் அவர்கள் தமிழை அவருக்கு இங்கிலீஷில் சொல்வதுமாக இருபத்திரண்டு வருஷம் போயிற்று. அடுத்தவருடைய பேச்சென்றால் எனக்கு வாய் வருகிறது, என் பேச்சென்றால் வருவதில்லை.

இரண்டாவது. முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. உன் மாமியார் உன் கர்ப்பப்பையில் பலமில்லை என்று சொல்வதாகவும், நீ சிறுவயதில் நம் வீட்டுப் படிகளில் ஓடி ஓடி ஏறினதனால்தான் இப்படியாயிற்று என்று அக்கம்பக்கத்தில் பேசுவதாகவும் எழுதியிருந்தாய். மகளே, படி ஏறினதால் பிள்ளை போகாது. நீ என்ன சாப்பிட்டாய், எந்தப் பக்கம் படுத்தாய், யார் கண் பட்டது, இவை ஒன்றினாலும் இப்படி இரண்டு முறை நடக்காது. மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து நாள் முழுவதும் கொழுந்து பறித்து, மலையேறி, கூடை சுமக்கிற பெண்கள் வருகிறார்கள். அவர்கள் எட்டாம் மாதம் வரை காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து வேலை செய்தும் நல்ல பிள்ளை பெறுகிறார்கள். இதை நான் உனக்கு முதல் பிள்ளை போனபோதே எழுதியிருக்க வேண்டும். அப்போது ஆறுதல் வசனம் மூன்று எழுதி அனுப்பினேன். ஆறுதல் நல்லதுதான், ஆனால் உனக்கு அன்று வேண்டியிருந்தது தகவல்.

மூன்றாவது. இதை எழுதத்தான் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய்க்கு அடுத்தடுத்து மாதம் நிறையாமல் பிள்ளைகள் போனால், டாக்டர் துரை முதலில் கேட்பது அவள் இரத்தத்தைத்தான். ஒரு துளி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறார். அவர் தேடுவது கிரந்தி என்கிற நோயை. பெயரைக் கேட்டுப் பயப்படாதே, பெயரில் இருக்கிற அவமானம் ஜனங்கள் சேர்த்தது. அது ஒரு கிருமி. உஷ்ணத்தால் வருவதல்ல, சூடான கல்லில் உட்கார்வதால் வருவதல்ல, சாபத்தால் வருவதுமல்ல. நோயுள்ள ஒருவரோடு உடல் சேர்வதால் வருகிறது. முதலில் சேர்ந்த இடத்தில் ஒரு புண் வரும், பெரும்பாலும் வலிக்காது, சில வாரத்தில் தானே ஆறிவிடும். அங்கேதான் எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள். புண் ஆறிற்று, நோய் ஆறவில்லை. சில மாதம் கழித்து உடம்பிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறப் புள்ளிகள் வரும், அரிக்காது, வாயில் புண் வரும், தலைமயிர் அங்கங்கே உதிரும், காய்ச்சலடிக்கும். அதுவும் போய்விடும். பிறகு ஒன்றுமே வெளியில் தெரியாமல் பல வருஷம் இரத்தத்தில் கிடக்கும். பெண்களுக்கு முதல் புண் உள்ளேயே வந்து ஆறிப்போவதால், தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் அநேகர். தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். அப்படித்தான் பிள்ளைகள் தவறுகின்றன என்று டாக்டர் சொல்வார்.

இதற்கு உறவாக வெட்டை என்று இன்னொன்று உண்டு. ஆணுக்கு நீர் கழிக்கும்போது எரிச்சலும் சீழும் வரும், பெண்ணுக்கு அடையாளமே இல்லாமல் இருக்கலாம். அது பிள்ளை பிறக்கும்போது அதன் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதற்காகத்தான் பிறந்தவுடன் கண்ணில் மருந்துத் துளி விடுகிறார்கள். உன் பிள்ளைக்கும் விடச் சொல், காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரே தட்டில் சாப்பிட்டதால், ஒரே கக்கூசுக்குப் போனதால் வந்தது என்று பலர் சொல்வார்கள், அப்படி வருவது மிகமிக அபூர்வம். வாயில் புண் இருக்கும்போது மட்டும் கோப்பையையும் முத்தத்தையும் ஒதுக்கி வைக்கச் சொல்வார் டாக்டர். இங்கே கிராமத்துச் சிறு பிள்ளைகளுக்கு வருகிற பறங்கிப் புண் வேறு, அது தோலோடு தோல் பட்டு வருவது, அதற்கும் ஒருவருடைய நடத்தைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே ஊசிதான். ஆகவே புதன்கிழமை வரிசையில் நிற்பவரைப் பார்த்து யாரும் யாரையும் எடைபோட முடியாது. அந்த ஊசிக்கு எண்தான் பெயர், தொள்ளாயிரத்துப் பதினாலு. துரைமாருக்கு ஊசியையும் பெரட்டில் நிறுத்தி எண்ணாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது என்று தோட்டத்து ஆட்கள் சிரிப்பார்கள். நான் டாக்டர் அல்ல, மகளே. மேலே எழுதியதெல்லாம் அவர் சொல்லி என் வாய் வழியாகப் போனது. சில சொற்களைப் பெண்கள் முன்னால் சொல்லத் தகாது என்று நான் மெதுவாக்கிச் சொல்வதும் உண்டு, சிலவற்றை விட்டுவிடுவதும் உண்டு. உனக்கு எழுதும்போது ஒன்றையும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

நான்காவது. மூன்று வருஷத்துக்கு முன் மாப்பிள்ளை பினாங்கிலிருந்து லீவில் வந்து, நம் வீட்டுக் கூடத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. நான் தாம்பூலத் தட்டை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் விரித்து வாங்கினார். உள்ளங்கை இரண்டிலும் புள்ளிகள் இருந்தன, செம்பு நிறத்தில். காதுக்கு மேலே மயிர் பூச்சி அரித்த துணி மாதிரி இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு, கப்பல் பயணச் சூடு மாமா, இறங்கினதிலிருந்து உடம்பு ஒரு மாதிரியாயிருக்கு என்று அவரே சிரித்தபடி சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்குத்தான் அதிகம் தெரியும். அதே வாரம் ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட கையை டாக்டர் திருப்பிக் காட்டி, இதைப் பார்த்துக்கொள் பாக்கியநாதன் என்று சொல்லியிருந்தார். கேட்டிருக்கலாம். தனியாக அழைத்துப்போய், தம்பி, கல்யாணத்துக்கு முன் இரத்தம் பார்த்துவிடுவோம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன நினைத்தேனென்றால், என் சந்தேகம் தவறாயிருந்தால் ஒரு நல்ல பையனை அவமானப்படுத்தினவனாவேன், நான் என்ன டாக்டரா, வெறும் பேச்சை மாற்றிச் சொல்கிறவன்தானே. விருந்தில் பாயசம் நன்றாயிருந்தது என்று சொன்னேன். செசிலி, உன் இரண்டு பிள்ளைகளுக்கும் நான் இதைச் சொல்லியே ஆகவேண்டும், அவர்கள் இல்லாததால் உன்னிடம் சொல்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மாப்பிள்ளையை வெறுத்துவிடாதே. இரண்டு வருஷம் தனியாக அந்த ஊரில் இருந்தார், என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது. உன்னை மணந்த பிறகு உன்னைக் கண்போல் வைத்திருக்கிறார் என்று உன் ஒவ்வொரு கடிதமும் சொல்கிறது. தாயார் உன்னைக் குறைசொல்லும்போது அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார் என்று எழுதியிருந்தாய். எழுந்து வெளியே போகிற மனிதனை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அப்படித்தான்.

ஐந்தாவது, நீ செய்ய வேண்டியது. இதை எழுதுவது எனக்கு எளிது, ஏனென்றால் இதில் நம்பிக்கை இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போ. பெண் டாக்டர் ஒருத்தி இருக்கிறாள் என்று எழுதினாயே, அவளிடமே போ. முதல் பிள்ளை ஆறில், இரண்டாவது எட்டில், இப்போது மூன்றாம் மாதம், என் இரத்தத்தைக் கிரந்திக்காகப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சொல்லையே சொல். மெதுவாக்கிச் சொன்னால் அவர்கள் இரும்புச் சத்து மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நோய் இல்லையென்று வந்தால் இந்தக் கிழவனைத் திட்டிவிட்டுப் போ, அதைவிடச் சந்தோஷம் எனக்கில்லை. இருக்கிறது என்று வந்தால் இப்போதே ஊசி தொடங்கினால் பிள்ளை பெரும்பாலும் பிழைத்துச் சுகமாகப் பிறக்கிறது. இங்கே நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு ஊசி, எட்டோ பத்தோ ஆனதும் இடைவெளி, மறுபடி தொடக்கம், மொத்தம் ஒரு வருஷத்துக்கு மேலாகும். இரண்டு ஊசியில் உடம்பு தெளிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நிறுத்தாதே. நிறுத்தலாம் என்று சொல்ல வேண்டியது இரத்தம், நாமல்ல. பாதரசக் குளிகை விற்கிற வைத்தியர்கள் அங்கேயும் இருப்பார்கள், பல் போகும், நோய் போகாது. டாக்டர் சொல்லும் வரை நீங்கள் இருவரும் சேர்ந்திருக்க வேண்டாம். அதற்குப் பிறகும் சந்தேகமுள்ள காலத்தில் ரப்பர் உறை என்று ஒன்று மருந்துக் கடையில் விற்கிறார்கள், ஆண்கள் போட்டுக்கொள்வது, அது தடுக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை என் மகளுக்கு நான் எழுதிவிட்டேன், வானம் இடிந்து விழவில்லை. பிள்ளை பிறந்ததும் அதன் இரத்தத்தையும் பார்க்கச் சொல். உன் பிள்ளைக்கு வேறொரு பெண் பால் கொடுக்கவும், நீ வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கவும் வேண்டாம், எல்லாம் தெளிவாகும் வரை.

ஆறாவது. இதெல்லாவற்றையும் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் செய்துகொள். கேட்டால் இரத்தக் குறைவுக்கு ஊசி என்று சொல். குடும்பம் உடைந்துவிடக் கூடாது, மாமியார் காதுக்குப் போனால் உன்னையே குற்றவாளியாக்குவார்கள். அவர் பயந்த சுபாவக்காரர், சொன்னால் தாங்கமாட்டார். நீ சுகமானால் பிள்ளை சுகமாகும், அதுதானே நமக்கு வேண்டியது. இதைப் பலமுறை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆறும் முடிந்தன. ஆண்டவர் உன்னையும் உன் வயிற்றிலிருக்கிற ஜீவனையும் தம் கைக்குள் வைத்துக்கொள்வாராக. வெயிலில் குடை இல்லாமல் போகாதே. ஆஸ்பத்திரிக்குப் போன தேதியை எழுதி அனுப்பு, வேறொன்றும் எழுத நேரமில்லாவிட்டாலும் தேதி மட்டும்.

உன் அன்புள்ள அப்பா,
ஞா. பாக்கியநாதன்

21ஆம் தேதி, புதன்கிழமை மாலை.

மகளே, கடித உறையை இன்னும் ஒட்டவில்லை. இன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதிவிட்டு ஒட்டுகிறேன்.

இன்றைய வரிசையில் மடுல்சீமைத் தோட்டத்து வடிவம்மா நின்றாள். முப்பது வயதிருக்கும், கொழுந்து பறிக்கிறவள். போன வருஷம் கிரந்திக்கு ஊசி போட்டுக்கொள்ளப் புதன்தோறும் வந்தவள். வருகிற நாளில் சம்பளமில்லை, பசறை வரை மாட்டுவண்டி, மிச்சம் நடை. ஒரு வாரமும் தவறவில்லை. மழையிலும் வந்தாள். இரத்தம் நல்லதாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளில் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். இன்று அவளுக்குப் புதிதாகப் புண்.

டாக்டர் துரைக்குக் கோபம் வந்தது. உன் புருஷனுக்கும் ஊசி போட வேண்டும், அழைத்துவா, அதுவரை சேராதே என்று போன வருஷமே சொன்னேனே, ஏன் அழைத்துவரவில்லை என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒன்றும் என்கிட்டச் சொல்லலீங்களே ஐயா என்றாள். எனக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் அன்று தோட்டத்து ஆட்களை அழைத்துவந்த கங்காணி கதவருகே நின்றுகொண்டிருந்தார். அந்நிய ஆண் நிற்கையில் ஒரு பெண்ணிடம் புருஷனோடு சேராதே என்று எப்படிச் சொல்வது என்று கூசி, உடம்பைச் சூடு படாமல் பார்த்துக்கொள் அம்மா என்று சொல்லி முடித்திருந்தேன். டாக்டர் இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் பேசியதற்கு என் தமிழ் அவ்வளவுதான்.

அவள் என்னை வையவில்லை. பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் கேட்கும்படி, பாதி வேடிக்கையாகத்தான் சொன்னாள். "தொரை அன்னிக்கு அவ்வளவு நேரம் பேசினாரு. நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சீங்க. மிச்சத்த எங்க வச்சீங்க ஐயா?" அவர்கள் சிரித்தார்கள். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். அவள் புருஷன் தம்பையா பயந்த மனிதர்தானாம், ஆனால் சொல்லியிருந்தால் கூடவே நடந்து வந்திருப்பாராம். "எங்களுக்கு வெக்கம் இருந்திச்சோ இல்லையோ, எங்களுக்குப் பதிலா நீங்க வெக்கப்பட்டுட்டீங்க" என்றாள்.

டாக்டர் துரை அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு எத்தனையோ முறை சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இன்று அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன், மிச்சத்தை எங்கே வைத்தாய் என்பது வரை. அவர் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார். பிறகு, இப்போது மிச்சத்தைச் சொல் என்றார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நான் பயந்தது போல் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எத்தனை ஊசி, எத்தனை மாதம், தம்பையாவுக்கு எந்த நாளில் லீவு கேட்கலாம் என்று வரிசையாகக் கேள்வி கேட்டாள்.

வீட்டுக்கு நடந்து வருகையில் இந்தக் கடிதத்தின் ஆறாவது விஷயம்தான் என்னோடு கூடவே வந்தது. நேற்று அதைக் குடும்பம் உடையாமலிருக்க என்று எழுதினேன். மகளே, அது புத்தியால் வந்த யோசனையல்ல. கதவருகே கங்காணியைக் கண்டு வாயை மூடிய அதே மனிதன் எழுதியது. மாப்பிள்ளைக்குத் தெரியாமல் நீ மட்டும் ஊசி போட்டுக்கொண்டால், நீ சுகமான பிறகு அவரிடமிருந்து மறுபடி உனக்கு வரலாம், உன் வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கும் வரலாம். அவருடைய உடம்பும் உள்ளுக்குள்ளே கெட்டுக்கொண்டே போகும், பல வருஷம் கழித்து இருதயத்தையும் புத்தியையும் தொடும் என்று டாக்டர் சொல்வார். அவரைக் காப்பதாக நினைத்து அவரைத்தான் கைவிடச் சொல்லியிருக்கிறேன். அவர் தாங்கமாட்டார் என்று முடிவுசெய்ய நான் யார்.

மாப்பிள்ளைக்கு ஒரு தாள் தனியாக எழுதி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், ஒட்டவில்லை. நீ முதலில் படி. சந்தேகம் உன்னுடையதல்ல, மூன்று வருஷமாக என்னுடையது என்றும், அன்றே அவரிடம் கேட்காதது என் குற்றம் என்றும், இருவரும் இரத்தம் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். கோபம் வந்தால் என்மேல் வரட்டும், நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். கொடுப்பதா வேண்டாமா, எப்போது கொடுப்பது என்பது உன் இஷ்டம், அந்த வீட்டில் இருப்பவள் நீ. கொடுக்கப் பயமாயிருந்தால் அந்தப் பெண் டாக்டரிடம் சொல், அவள் அவரை அழைத்துச் சொல்லட்டும். எப்படியோ, அவருக்குத் தெரிய வேண்டும்.

நேற்று எழுதிய கடிதத்தை மாற்றி எழுதலாம் என்று நினைத்தேன். மாற்றினால் மற்ற ஐந்தையும் மறுபடி எழுதத் துணிவு வருமா என்று தெரியவில்லை, ஆகவே அப்படியே அனுப்புகிறேன். முதல் ஐந்தும் நிற்கட்டும். ஆறாவதாக நான் எழுதியது தவறு, செசிலி. அதைச் செய்யாதே.

அப்பா